58 டிகிரியில் மக்கும் பை, கேத்தி மண்ணில் மக்கவில்லை

தமிழகப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் பாலிமர் ஆய்வு செய்யும் பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். நீலகிரியில் கேத்திப் பக்கம் சோலை (மலையுச்சிப் பசுமைக்காடு) மரக் கன்றுகள் வளர்க்கும் சின்ன நாற்றங்கால் வைத்திருக்கிறேன். காட்டுச் செண்பகமும் நாவலும் நிதானமாகத்தான் வளரும். கன்று பையிலேயே ஒன்றரை வருஷம் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கறுப்புப் பாலித்தீன் பையை விட்டுவிட்டு, ‘மக்கும்’ என்று அச்சடித்த பைகளை வாங்கினேன். பையோடு குழியில் வைத்துவிடலாம், வேர் அறுபடாது என்று ஆசை.

போன மாதம், நட்ட இடத்தில் வாடி நின்ற ஒரு செண்பகத்தைத் தோண்டிப் பார்த்தேன். பை அப்படியே இருந்தது. மண்ணைத் துடைத்ததும் பச்சை எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது. உள்ளே வேர் வெளியேற வழியில்லாமல், கயிறு சுற்றி வைத்ததுபோல அடியில் சுருண்டு கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அந்தப் பையில் பெரும்பகுதி பாலிலாக்டிக் அமிலம், அதாவது பி.எல்.ஏ.: லாக்டிக் அமில மூலக்கூறுகளை நீளச் சங்கிலியாகக் கோத்த பிளாஸ்டிக். சுமார் 55-60 டிகிரிக்குக் கீழே அதன் சங்கிலிகள் கண்ணாடிபோல விறைத்து நிற்கும். சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் எஸ்டர் பிணைப்புகளை முதலில் தண்ணீர் அறுக்க வேண்டும், துண்டுகள் சிறுத்த பிறகே நுண்ணுயிர்கள் தின்னும். விறைத்த சங்கிலியில் அந்த முதல் வேலையே மிக மெதுவாகத்தான் நகரும். உரமாக்கும் சோதனையை 58 டிகிரியில் செய்கிறார்கள். ஊட்டியில் சித்திரை வெயிலிலேயே 25 டிகிரியைத் தாண்டினால் அதிகம். தை மாதம் புல்மேல் உறைபனி. சோதனை பொய்யில்லை. எங்கள் மண்ணுக்கான சோதனை அது இல்லை, அவ்வளவுதான்.

படிக்கப் படிக்க எனக்கு நம்பிக்கை வந்தது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். லாக்டிக் அமிலத்துக்கு இடக்கை, வலக்கைபோல இரண்டு வடிவம் உண்டு. ஒரே வடிவத்தை மட்டும் கோத்தால் சங்கிலிகள் நெருங்கிப் படிகமாகின்றன. அதன் கண்ணாடிப் பிம்ப வடிவத்தையும் இடையில் கலந்தால் அடுக்கு குலைந்து தண்ணீர் சீக்கிரம் புகுகிறது. பாக்டீரியாக்கள் கொழுப்புபோலச் சேமித்து வைக்கும் பி.எச்.பி. (பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட்) என்ற பிளாஸ்டிக்கை 1926-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி லெமுவான் கண்டறிந்தார். அது விறைக்கும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியது. அதை அறுக்கும் நொதி மண்ணின் நுண்ணுயிர்களிடமே உண்டு. ஆனால் படிகம் அதிகம், பட்டென்று ஒடியும். வேலரேட் என்ற வேறு வகைக் கண்ணிகளைச் சங்கிலியில் சேர்த்தால் நெகிழ்கிறது. பையின் ஆயுள் சங்கிலியின் அமைப்பில் இருக்கிறது என்றால், அதைத் தீர்மானிக்கும் இடம் உங்கள் மேசைதானே?

எங்களுக்கு வேண்டியது லேசானதில்லை என்று தெரியும். தென்மேற்குப் பருவமழையில் பதினெட்டு மாதம் கிழியாமல் நிற்க வேண்டும், குழியில் வைத்த பிறகு வேருக்கு வழிவிட வேண்டும். தூளாக உதிர்ந்தால் போதாது, நுண்ணுயிர் தின்று முடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக்கைச் சோலை மண்ணில் விட எனக்கு மனசில்லை. அதனால் 10 முதல் 20 டிகிரி மண்ணிலும் சோதித்துப் பாருங்கள். எந்த வெப்பநிலையில் மக்கியது என்பதை முடிவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பை விற்பவரும் அதைப் பார்த்து அச்சடிக்கட்டும்.

சரி, என்னால் முடிந்தது இது. நாற்றங்காலின் கிழக்கு ஓரத்தில் ஒரு பாத்தியை ஒதுக்கிவிட்டேன். மாதிரிகளை அனுப்பினால் புதைத்து, மண்ணின் சூட்டை வாரம் ஒருமுறை அளந்து, மாதம் ஒன்றாகத் தோண்டி எடுத்து உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். உறைபனி தொடங்கும் முன் வந்தால் முழுக் குளிரும் கணக்கில் சேரும்.

அன்புடன்,
கேத்தியிலிருந்து ஒரு நாற்றங்கால்காரர்