நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் உன் கல்யாண விஷயத்தைச் சொன்னபோது "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவும் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. பெண் வீட்டார் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்பதால் எங்களுக்கு மனசு வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். சத்தியமாக அது காரணம் இல்லை. "இலங்கை அகதிகள் கேம்ப்பில் பிறந்த பெண்" என்று சொன்னாயே, அந்த இடத்தில்தான் எனக்குப் பேச்சு நின்றுபோனது. ஏன் என்று போனில் சொல்ல வராது.

அம்மா மனசு தாங்காமல் பெரிய மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை காபி குடிப்பதற்குள் அவர் வந்துவிட்டார். "அவங்கெல்லாம் பாஸ்போர்ட், விசா இல்லாம வந்தவங்க. நம்ம பையனைக் கட்டிக்கிட்டா சிட்டிசன் ஆயிடலாம்னு கணக்குப் போட்டிருக்காங்க. இந்த மாதிரிக் கல்யாணத்தையே கவர்மென்ட் தடை பண்ணணும்" என்றார். நான் அவரோடு சண்டை போடவில்லை. ஆனால் முப்பத்தோரு வருஷம் ரிஜிஸ்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். அவர் சொன்ன கணக்கு எவ்வளவு தப்பு என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்க வேண்டும், நாளைக்கு இதையே பத்துப் பேர் உன்னிடம் சொல்வார்கள்.

குடியுரிமைச் சட்டம் 1955-ல் வந்தது. இந்தியரைக் கல்யாணம் செய்தவர் இங்கே ஏழு வருஷம் குடியிருந்தால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதன் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. விண்ணப்பிப்பவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. 2003-ல் செய்த திருத்தம் அது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவர் எல்லாம் அந்தப் பெயருக்குள் வந்துவிடுவார்கள். சண்டைக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் ஏறி வந்தவனிடம் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்? 1983-லிருந்து அப்படி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாக நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொண்டால் அவர்களுக்குக் குடியுரிமை வந்துவிடாது. உன்னைக் கட்டிக்கொள்வதால் அந்தப் பெண்ணுக்கு ஒரு காகிதம்கூடக் கிடைக்காது. லண்டனிலோ அமெரிக்காவிலோ யாரோ கல்யாணம் செய்து பேப்பர் வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டதை வைத்து மாமா பேசுகிறார். இங்கே அந்த வழி அடைத்தே இருக்கிறது.

சரி, கல்யாணத்துக்குத் தடை உண்டா? அதுவும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு மதம் என்பதால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்யலாம். அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இருவருக்கும் உயிரோடு இருக்கும் துணை வேறு இருக்கக் கூடாது. சம்மதம் சொல்லும் அளவுக்கு மனநிலை சரியாக இருக்க வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும். கூடாத உறவுமுறையாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான். நீங்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்ற கேள்வியே அங்கே இல்லை. கல்யாணம் செய்யப்போகிறோம் என்று நீங்கள் கொடுக்கும் நோட்டீஸை ஆபீஸில் ஒட்டி முப்பது நாள் காத்திருக்கும்போது மாமாவே போய் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாலும், இந்த நாலு காரணத்துக்குள் அடங்காத ஆட்சேபம் நிற்காது.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த ஒரு காரியத்தை உனக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக்கூட நேற்றுத்தான் தெரியும்.

2011 என்று நினைவு. சித்திரை வெயில். ஒரு பையனும் பெண்ணும் என் மேஜைக்கு வந்தார்கள். பையன் நம் பக்கம், லாரி ஓட்டுபவன். பெண் கேம்ப். மல்லிகைப்பூவை ஈரத்துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தது, காரியம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம் என்று. முகவரிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேம்ப் அட்டையை எடுத்து நீட்டியது. லேமினேஷன் ஓரமெல்லாம் பிரிந்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. போட்டோவில் முழுக் குடும்பமும் வரிசையாக நின்றது. இந்தப் பெண் அதில் நாலு வயசுப் பிள்ளை. எனக்கு மேலே இருந்த அதிகாரி "எதுக்கு வம்பு, கலெக்டர் ஆபீஸ்ல என்.ஓ.சி. வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார். அப்படி ஒரு தடையில்லாச் சான்று சட்டத்தில் கிடையாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பிள்ளைகளிடம் அதையே சொன்னேன். "சரிங்க சார்" என்று போனார்கள். திரும்பி வரவே இல்லை. கோயிலிலோ சர்ச்சிலோ தாலி கட்டி வாழ்கிறார்களோ, பிரிந்துபோனார்களோ, தெரியாது. நீ போனில் 'கேம்ப்' என்று சொன்னதும் எனக்கு அந்த ஈரத்துணிதான் கண்ணில் வந்து நின்றது.

அதனால் உன்னிடம் சொல்லாமலே வியாழக்கிழமை கிளம்பி வாழவந்தான்கோட்டை கேம்ப்புக்குப் போய் பெண் வீட்டாரைப் பார்த்துவிட்டு வந்தேன். கோபப்படாதே. 2021-லேயே 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள், பல ஊர்களில் புது வீடும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோக்காரரும் கேம்ப் என்றுதான் சொல்கிறார், அங்கே இருப்பவர்களும் கேம்ப் என்றுதான் சொல்கிறார்கள். அவள் அப்பாவுக்குப் பெயின்ட் வேலை என்று சொல்லியிருந்தாய். நகக்கண்ணில் பச்சை பெயின்ட் போகாமல் இருந்தது. அவள் அம்மா இஞ்சி தட்டிப் போட்ட பிளேன் டீ கொடுத்து "சீனி காணுமோ?" என்று கேட்டார். சர்க்கரை போதுமா என்று கேட்கிறார் என எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் அம்மா வழிக் குடும்பம் இலங்கையில் இருக்கும் பேசாலையிலிருந்து 1984-லேயே ஒரு தடவை மண்டபம் முகாமுக்கு வந்திருக்கிறது. 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டதும் இனிச் சண்டை இருக்காது என்று நம்பித் திரும்பிப் போனார்கள். 1990-ல் மறுபடியும் சண்டை. மறுபடியும் படகு. தனுஷ்கோடிக்கு முன்னால் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகோட்டி போய்விட, விடியும்வரை இடுப்பில் குழந்தைகளை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

முதல் தடவை வந்திருந்தபோது, 1987 மார்ச்சில், மண்டபத்தில் அவள் சித்தி பிறந்திருக்கிறார். அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்னால்வரை இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். பெற்றோர் யார் என்ற கேள்வி கிடையாது. அப்படி 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு 2022-ல் ஜெயித்தார். 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் ஓட்டும் போட்டார். கொட்டப்பட்டு முகாமில் இருப்பவர்தான். அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டிச் சித்தி பைபிளுக்குள் வைத்திருக்கிறார். அக்கா அகதி, தங்கை குடிமகள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். உன் பெண் 1998-ல் பிறந்தவள். அந்தக் கால கட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவளுக்கு அது இல்லை.

கிளம்பும்போது அவள் அப்பா வாசல்வரை வந்தார். "எங்களுக்கு ஒண்டும் வேணாம் ஐயா. உங்கட பேரப்பிள்ளைக்கும் எங்கட அட்டைதான் வருமோ எண்டுதான் எனக்குப் பயம். அதுக்காகத்தான் நாங்க சம்மதம் சொல்லேல்ல" என்றார். தம்பி, மாமா அந்த வீட்டைப் பற்றிச் சொன்னதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

அவர் பயம் வெறும் பயம் இல்லை. 2004 டிசம்பர் 3-க்கு அப்புறம் இங்கே பிறக்கும் குழந்தைக்கு அப்பா இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. அம்மா 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. அதாவது உன் பிள்ளை உன் பிள்ளை என்பதை இந்தச் சட்டம் ஒத்துக்கொள்ளும், இந்தியப் பிள்ளை என்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும், பள்ளிக்கூடம் போகும். பாஸ்போர்ட் என்று வரும்போதுதான் இடிக்கும். இதைத் தெரியாமல் நீ இறங்கக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆனால் அந்தச் சட்டத்தின் வார்த்தையை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சட்டவிரோதக் குடியேறி என்றால் 'இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர்' என்றுதான் இருக்கிறது. நுழைந்தவர். அந்தப் பெண் எங்கே நுழைந்தாள்? இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தாள். இங்கே பஞ்சாயத்துப் பள்ளியில் படித்தாள். பி.காம். முடித்துக் கோயம்புத்தூரில் நீ வேலை பார்க்கும் அதே பம்பு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் 'செக்கிங்' அன்றைக்கு ஆள் நேரில் இருக்க வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் ஓடி வருகிறாள். பிறந்த மண்ணை விட்டு ஒரு நாள் வெளியே போகாதவளை நுழைந்தவள் என்று எப்படி எழுதுவார்கள்? மத்திய அரசு முகாம்காரர்கள் எல்லாரையும் ஒரே பட்டியலில்தான் வைத்துப் பேசுகிறது. நாளைக்கு உன் குழந்தைக்காக வழக்கு நடத்த வேண்டி வந்தால் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள். என் பென்ஷனிலிருந்து வக்கீல் ஃபீஸ் நான் தருகிறேன்.

'இப்படிப்பட்ட கல்யாணத்தை அனுமதிக்கலாமா' என்று மாமா மாதிரி ஆட்கள் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கல்யாணம் அரசாங்கம் போடும் பிச்சை இல்லை. அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு உயிரையும் சுதந்திரத்தையும் 'எந்த மனிதருக்கும்' என்றுதான் சொல்கிறது, குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. விரும்பியவரைக் கல்யாணம் செய்வது அந்தப் பிரிவுக்குள் அடங்கிய உரிமை என்று 2018-ல் கேரளத்து ஹாதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லையில் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று அரசாங்கம் பார்க்கட்டும், அது அதன் வேலை. ஆனால் முப்பத்தைந்து வருஷமாக நமக்குப் பக்கத்தில் தண்ணீர் பிடித்து, நம் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடித்து வாழ்கிறவர்களை, கல்யாண வயசு வந்ததும் "நீ யார்" என்று கேட்பது நியாயமே இல்லை. இந்தக் கல்யாணத்தில் ஏதாவது தவறு இருக்கிறது என்றால் அது உங்கள் இரண்டு பேரிடமும் இல்லை. கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையை வெளியே நிறுத்தும் சட்டத்தில் இருக்கிறது. அதைத்தான் மாற்ற வேண்டும். 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் எழுதினார்கள், இலங்கையை எழுதவில்லை. எனக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. 2025 செப்டம்பரில் உள்துறை ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. அதனால் குடியுரிமை வந்துவிடவில்லை. ஆனாலும் அவள் அப்பா அம்மா தலைமேல் தொங்கிய கத்தி ஒன்று இறங்கியிருக்கிறது.

இனிக் காரியம். நோட்டீஸைக் கோயம்புத்தூரிலேயே கொடு, நீ அங்கே முப்பது நாளுக்கு மேல் குடியிருப்பதால் போதும். மூன்று மாசத்துக்குள் கல்யாணம் முடிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அவளுடைய பிறப்புச் சான்றிதழ், பள்ளி டி.சி., கேம்ப் அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார். கேம்ப் ஆட்களுக்கு அதில்தான் முக்கால்வாசி சிக்கல். என்.ஓ.சி. வேண்டும் என்று யாராவது சொன்னால் "எந்தப் பிரிவில் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேள், அப்புறம் எனக்குப் போன் போடு. சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதிந்திருக்கிறார்களா என்றும் விசாரி. குழந்தை என்று வரும்போது ஐந்தாம் பிரிவின் நாலாவது உட்பிரிவு இருக்கிறது. சிறப்புக் காரணம் இருந்தால் எந்தச் சிறுவரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம். கலெக்டர் வழியாக மனுப் போட வேண்டும். அதை நானே எழுதித் தருகிறேன்.

அம்மா நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் எழுந்து, "அந்தப் பொண்ணுக்கு வளையல் அளவு என்னன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க" என்றாள். கேட்டு எழுது.

கல்யாணத்தன்று மூன்று சாட்சி வேண்டும். ஒன்று உன் நண்பன். ஒன்று அவள் சித்தி, ஓட்டர் கார்டு கைக்கு வந்துவிட்டதாம். இன்னொரு இடத்தை எனக்கு வைத்துவிடு. முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா