ரஷ்யப் பியானோ முறையின் முதல் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரஷ்யப் பியானோப் பயிற்சி பற்றித் தங்கள் இதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். மணிக்கணக்கான சாதகம், அதட்டும் ஆசிரியர்கள், மின்னலாய் ஓடும் விரல்கள் என்று அம்முறையை வருணித்த கட்டுரையாளர், இக்காலக் குழந்தைகளுக்கு அது ஒத்துவராது என்று முடித்திருந்தார். கண்டிப்பு இருந்தது உண்மைதான். பின்னாளில் இசையமைப்பாளராகவும் பியானோ மேதையாகவும் புகழ்பெற்ற ராக்மனினோவைச் சிறுவயதில் மாஸ்கோவில் தம் வீட்டிலேயே தங்கவைத்துக் கற்பித்த நிக்கோலாய் ஸ்வெரெவ், விடியற்காலையிலேயே மாணவர்களைப் பியானோ முன் உட்காரவைத்தவர். ஆனால் அது அந்தக் காலத்து வளர்ப்பு. அதையே கற்பிக்கும் முறை என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

இருபது ஆண்டுகளாகப் பியானோ கற்பிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: அம்முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முதலாண்டுப் பாடம். ஐந்து விரல்களையும் கட்டைகள்மேல் வரிசையாக வைத்து அது தொடங்குவதில்லை. நடுவிரல் மட்டும் கட்டையைத் தொடும்படி, தோளிலிருந்து தளர்வாகத் தூக்கிய கை தன் எடையோடு இறங்கி, கட்டையின் அடிவரை போய், மணிக்கட்டு இளகியபடி மீண்டும் எழும். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக ஒலிக்கும் இதை நான்-லெகாட்டோ என்பார்கள். ஸ்வரங்களை இழைத்து வாசிக்கும் லெகாட்டோ பிறகுதான். மோதிர விரலும் சுண்டு விரலும் வலுப்பெறாத வயதில் விரல் பலத்தால் மட்டும் தட்டச் சொன்னால் மணிக்கட்டு இறுகிவிடும்; அந்த இறுக்கத்தைப் பின்னாளில் போக்குவது பெரும்பாடு.

இதோடு சேர்ந்தது காதுக்கான பயிற்சி. எட்டு வயது மாணவி ஒருத்தியிடம், தாழ்ந்த ஸ்வரம் ஒன்றின் கட்டையை அழுத்திப் பிடித்து, ஒலி முழுவதும் அடங்கிய பிறகே கையை எடுக்கச் சொன்னேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னபோது, வெகுநேரம் அசையாமல் இருந்தவள், "இன்னும் கேக்குது மிஸ்" என்றாள்.

மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில், பியானோ மேதைகளான ரிக்டருக்கும் கிலெல்ஸுக்கும் கற்பித்த ஹைன்ரிக் நைகவுஸ், 1958இல் வெளியான தம் நூலில், ஒரே ஸ்வரத்தைக் கேட்டும் கேளாத மென்மையிலிருந்து பியானோ தாங்கும் உச்சம்வரை படிப்படியாக ஒலிக்கச் செய்யும் பயிற்சியை விளக்குகிறார். பியானோவுக்குள் இருக்கும் சுத்தியல் தந்தியைத் தொட்டு விலகிய பிறகு அந்த ஒலியை வலுப்படுத்த நம்மால் முடியாது. ஆகவே கட்டை இறங்கும் வேகத்திலேயே எல்லாம் தீர்மானமாகிவிடுகிறது. அதே கன்சர்வேட்டரியில் கற்பித்த இகும்னோவும் கோல்டன்வைசரும் தத்தம் வழியில்தான் சென்றார்கள் என்பதால், இதை ஒற்றை இரும்புச் சட்டமாகக் கருதவும் இடமில்லை.

ரஷ்யச் சூழலைத் தாண்டி இது வேரூன்றாது என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. மாஸ்கோவில் பயின்ற ரோசினா லெவினிடம் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் கற்ற அமெரிக்கர் வான் கிளைபர்ன்தான் 1958இல் மாஸ்கோவில் நடந்த முதல் சைக்கோவ்ஸ்கி இசைப் போட்டியில், பியானோவுக்கான முதல் பரிசு பெற்றார். சென்னையிலும் கே.எம். இசைக் கல்லூரியில் ரஷ்யப் பியானோவுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

இங்கே உண்மையான தடைகள் வேறு. அழுத்தினால் அதிகம் எதிர்ப்புக் காட்டாத 61 கட்டை கீபோர்டில் கையின் எடையை இறக்கிப் பழகவே முடியாது. எடையுள்ள கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோவாவது வேண்டும். அடுத்தது கிரேடு தேர்வு. மூன்று உருப்படிகளை ஆண்டு முழுவதும் உருப்போட்டுச் சான்றிதழ் வாங்கும் பிள்ளை, நான்காவதைத் தானே படித்து வாசிக்கத் திணறுகிறது. தேர்வே கூடாது என்பதல்ல என் கருத்து. முதலாண்டை மட்டுமாவது பெற்றோர் எங்களிடம் விட்டுவைக்கலாம்.

மீண்டும் இதுபற்றி எழுதுவதானால், கச்சேரி மேடையைப் பார்த்தது போதும், முதலாண்டு வகுப்பு ஒன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பியானோ ஆசிரியை ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை.