கட்டம் கட்டிப் போட்ட அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மனநலப் பக்கத்தில், 'சர்க்கரை போய்விட்டது' என்று மனதார ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சர்க்கரை நோய் இறங்கும் என்ற கட்டுரையில், ஒரு வரியைக் கட்டம் கட்டியே போட்டிருந்தீர்கள்: "21 நாள் சொல்லியும் சர்க்கரை இறங்கவில்லையா? நீங்கள் முழு மனதோடு சொல்லவில்லை." இறங்கினால் வாக்கியத்துக்குப் பெருமை, இறங்காவிட்டால் நோயாளிக்குப் பழி. நஷ்டமே வராத வியாபாரம்!

தாங்கள் அறியாததல்ல, இந்த முறையைப் பரப்பியவர் பிரான்சின் நான்சி நகரில் இருந்த மருந்தாளர் எமில் குவே. 'நாளுக்கு நாள், எல்லா வகையிலும் தேறி வருகிறேன்' என்று விழித்ததும் 20 தடவை, தூங்கப்போகும்போது 20 தடவை. கண்ணை மூடி, உதடு அசைய, தன் காதுக்குக் கேட்கிற அளவில் சொன்னால் போதும். எண்ணிக்கையில் கவனம் போகக்கூடாது என்று 20 முடிச்சுப் போட்ட கயிறு. முக்கிச் சொன்னால் எதிர்விளைவுதான் வரும் என்பது அவர் கட்சி. டாக்டரை விட்டுவிடச் சொன்னவரும் அல்ல. உங்கள் கட்டுரையாளர் மூலவரையே தலைகீழாக நிறுத்திவிட்டார்.

அந்த 21 நாளும் அப்படித்தான். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதினார். அது எப்படியோ சர்க்கரைக்குக் கெடுவாகிவிட்டது.

மனம் உடம்பைத் தொடாது என்று சொல்லவில்லை. எதைத் தொடும், எதைத் தொடாது என்பதுதான் கேள்வி. 2011இல் அமெரிக்காவில் ஆஸ்துமாக்காரர்களுக்கு நிஜ இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், பொய் அக்குபங்சர் என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றிலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி தேவலை என்றார்கள். ஊதிப் பார்த்தால், முதல் விநாடியில் வெளிவரும் காற்று நிஜ மருந்துக்கு 20 சதவீதம் கூடியது; மற்ற இரண்டுக்கும் 7. ஒன்றும் கொடுக்காதபோதும் அதே 7. மூச்சு லேசான மாதிரி இருந்தது, மூச்சுக்குழாய் திறக்கவில்லை. வீசிங் வரும் பிள்ளையின் இன்ஹேலரை ஒளித்துவைக்கும் வீடுகளில் நடப்பது இதுதான். டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை, உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி வாந்தி, பெருமூச்சு, ஐ.சி.யூ.

இன்னொன்று. 2009இல் கனடாவில், தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களை 15 விநாடிக்கு ஒரு மணி அடித்து 'நான் அன்புக்குரியவன்' என்று சொல்லவைத்தார்கள். சொல்லாதவர்களைவிட இவர்கள்தான் அதிகம் சோர்ந்தார்கள். நம்ப முடியாததைச் சொன்னால் மனம் எதிர்வாதம் பண்ணும். குளுக்கோமீட்டர் 240 காட்டும்போது 'சர்க்கரை போய்விட்டது' என்றால் யார் நம்புவது? 'ராத்திரி தட்டைக் கழுவியதும் 15 நிமிடம் நடப்பேன்' என்று சொல்லச் சொல்லுங்கள். அது நடக்கிற காரியம்.

இரண்டு தீபாவளிக்கு முன் கைவிரல் முத்திரை பிடித்தால் தைராய்டு போகும் என்றீர்கள். திருத்தம் வந்தது, ராசிபலனுக்குக் கீழே, எறும்பு எழுத்தில். எதிர்ப்பக்கத்தில் முழுப்பக்க 'ஹீலிங்' வகுப்பு விளம்பரம். 1954ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் தாயத்தோடு மந்திரமும் சேர்த்தி, பட்டியலில் நீரிழிவும் உண்டு என்பது விளம்பரப் பகுதிக்குத் தெரிந்தே இருக்கும்.

கேட்பது ஒரே ஒரு வரி: 'டாக்டரைக் கேட்காமல் மாத்திரை, இன்சுலின், இன்ஹேலரை நிறுத்தாதீர்கள்.' அந்தப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில். கட்டம் கட்டினால் இன்னும் நல்லது. கட்டத்துக்குத்தான் உங்களிடம் பஞ்சமில்லையே.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்.