கிளார்க்கின் கடலை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். 1945இல் அவர் எழுதிய செயற்கைக்கோள் கட்டுரை, இயக்குநர் கியூப்ரிக்கோடு சேர்ந்து செய்த '2001' திரைப்படம், சர் பட்டம், எல்லாம் இருந்தன. இலங்கைக்கு மட்டும் ஒரே ஒரு வரி, 1956இல் குடியேறினார் என்று. ஏன் குடியேறினார்? அதைச் சொல்லவில்லையே. திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அப்படி விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

அவரை இங்கே கொண்டுவந்தது கடல். 1954 கடைசியில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டுகளில் சுழியோடப் போகும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றது, அங்கே ரொட்னி ஜோங்க்லாஸ் என்ற நம்நாட்டுச் சுழியோடியைச் சந்தித்தார், அவ்வளவுதான். திரும்பி வந்தவர் 2008இல் இறக்கும்வரை இந்த நாட்டிலேயே இருந்துவிட்டார். ராக்கெட்டில் ஏறாமலே எடையில்லாமல் மிதக்கலாம் என்றால் அது தண்ணீருக்கடியில்தான், அதனால் கடல் அவருக்கு விண்வெளிக்கான ஒத்திகை. 1962இல் வாதம் வந்து நடக்கவே சிரமப்பட்ட பிறகும் சுழியோடுவதை அவர் விடவில்லை. தரையில் தடுமாறிய கால்களுக்குத் தண்ணீருக்குள் தடையில்லை.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். சின்ன வயதில் அம்மா கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் நான் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே எட்டிப் பார்ப்பேன். செங்குத்தான பாறை, அடியில் கருநீலம், அலை விலகும்போது கறுப்பாக என்னவோ தெரிந்து மறையும். அது பழைய கோயில் தூண்தான் என்று அண்ணாவோடு சண்டை பிடித்திருக்கிறேன். 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததும் கற்கள் கடலுக்குள் போனதும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் முகமூடி கட்டி இறங்கி, செதுக்கிய கற்களும் தூண்களும் மீன்களுக்கு நடுவே கிடப்பதைப் பார்த்து, படம் பிடித்து உலகத்துக்குக் காட்டியவர்கள் கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும். கிளார்க் அதை 1957இல் 'தி ரீஃப்ஸ் ஆஃப் தப்ரபேன்' புத்தகத்தில் எழுதினார். (வில்சன் பின்னாளில் காவி கட்டி சுவாமி சிவகல்கி ஆகிவிட்டார். அது தனிக் கதை.)

இது தெரிந்த பிறகு அவருடைய நாவல்களை வாசித்தால் எங்கே பார்த்தாலும் கடல்தான். 1961இல் வந்த 'எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்' நிலவில் நடக்கிறது, ஆனால் கதை என்ன? தூசுக் கடலில் ஓடும் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கிவிடுகிறது, உள்ளே இருப்பவர்களை வெளியே எடுக்க வேண்டும். கடலுக்குள் போய் வந்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும் என்று எனக்குப் படுகிறது. 'தி டீப் ரேஞ்ச்' நாவலில் விண்வெளியைக் கண்டு பயந்துபோன ஒருவர் கடலுக்கடியில் திமிங்கிலம் மேய்க்க வருகிறார். அப்புறம் 'தி ஷைனிங் ஒன்ஸ்' என்ற சிறுகதை, அது திருகோணமலையிலேயே நடக்கிறது: கடலின் மேல்தண்ணீர்ச் சூட்டுக்கும் ஆழத்துக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தில் மின்சாரம் எடுக்கும் நிலையம், அது பழுதாகி ஆழத்தில் இறங்கும் பொறியியலாளர், அங்கே உடம்பில் வெளிச்சம் போட்டுப் பேசிக்கொள்ளும் பெருங்கணவாய்கள். எங்கள் ஊர்க் கடலை வைத்து இப்படி ஒரு கதை இருப்பது இங்கேயே எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லக் கூடாதா?

இலங்கையை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி பூமத்தியரேகையில் வைத்து அவர் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலைக்கூட உங்கள் கட்டுரை தொடவில்லை. அதற்கு இடம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அந்த நாட்களில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே கிளார்க்கும் வில்சனும் இறங்கியதைக் கரையிலிருந்தோ வள்ளத்திலிருந்தோ பார்த்த சிறுவர்கள் இருந்தால் இப்போது எண்பது வயது தாண்டியிருக்கும். யாரையாவது திருகோணமலைக்கு அனுப்பி, அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு எழுதுங்கள், தாமதிக்காமல்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகி,
திருகோணமலை