‘முடியாது’ என்று நேராகச் சொன்னவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பக்கவாதம் வந்து படுக்கையோடு இருக்கும் பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிற மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து இதை எழுதுகிறோம். ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் அது யாருக்கும் சொன்னதாக ஆகாது. யார் செய்த எந்தக் காரியம் எதனால் பயன்பட்டது என்று எழுதினால், நாளைக்கு இதே நிலைக்கு வரும் வீட்டுக்கும் ஆகும்.

முதல் நன்றி, “ஆள் கேட்கிறதுக்கு முன்னாடி, ஒரு நாள் வேலையைத் தாள்ல எழுதிப் பாருங்க” என்று சொன்ன செவிலியருக்கு. எழுதிப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, நாளைக்கு 12 முறை. மூக்குக் குழாய் வழியாக உணவு 6 முறை. ஒவ்வொரு முறையும் 200 முதல் 250 மில்லி, கடைசியில் குழாய் அடைக்காமல் இருக்க 30 மில்லி தண்ணீர். டயப்பர் நாலைந்து முறை. வாய் சுத்தம் இரண்டு முறை, கைகால் பயிற்சி இரண்டு முறை, மாத்திரை மூன்று வேளை, மூத்திரக் குழாயில் மாட்டிய பையைக் காலி செய்வது மூன்று நாலு முறை. கூட்டினால் முப்பதைத் தாண்டுகிறது. ஒரே ஆள் செய்தால் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம்கூடத் தூங்க முடியாது என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். “வீட்ல சும்மாதானே இருக்கே” என்று கேட்கிற உறவுக்கு அந்தத் தாளைக் காட்டினால் போதும். வேறு பேச்சு தேவைப்படாது.

இதே தாளை மூன்றாகப் பிரிக்கச் சொன்னதும் அவர்தான். கை பழகியவர் மட்டும் செய்யக்கூடியவை, பக்கத்தில் ஆள் இருந்தாலே போதும் என்பவை, வெளி வேலைகள். குழாயில் ஊற்றுவது முதல் வகை. மதியம் மூன்று மணி நேரம் கட்டிலருகே உட்கார்ந்திருப்பது இரண்டாவது. மருந்துக்கடை, மின்கட்டணம், ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றுக்குத் தபால்காரரை வரச் சொல்வது (வீட்டுக்கே வந்து விரல்ரேகை எடுத்துப் பதிய 70 ரூபாய்) எல்லாம் மூன்றாவது. பெரும்பாலான வீடுகளில் முதல் வகைக்கே எல்லோரையும் கூப்பிடுகிறோம். பயந்துபோய் யாரும் வருவதில்லை. மற்ற இரண்டையும் கொடுத்தால் பள்ளிக்கூடம் போகிற பேரன்கூடப் பங்கெடுப்பான்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிகளுக்கு இந்த இடத்தில் தனியாக ஒரு நன்றி. பணம் அனுப்பியதற்கு மட்டுமில்லை. ஒவ்வொரு மாதமும் அதே தேதியில், அதே தொகையை, கேட்க வைக்காமல் அனுப்பியதற்கு. “எவ்வளவு வேணும் சொல்லு” என்பது நல்ல மனசுதான், ஆனால் மாதாமாதம் கையேந்தும் நிலையில் வைத்துவிடுகிறது. அதைவிடப் பெரிய உதவி, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டது. தினமும் இருபது பேருக்கு “இன்னிக்கு எப்படி இருக்கார்” என்பதற்குப் பதில் சொல்வது ஒரு முழு வேலை. இங்கிருந்து இரவு எட்டு மணிக்கு ஒரு குரல் செய்தி போகும், அங்கிருந்து அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்கள். நோயாளியின் பக்கத்தில் இருப்பவரின் ஃபோன் ஓய்ந்தது.

இனி, கேட்டபோது வந்தவர்கள். “எது வேணும்னாலும் சொல்லுங்க” என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதை யாரும் பொய்யாகச் சொல்வதில்லை. எதைச் சொல்வது என்று நமக்கும் தெரியாது, என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியாது, அவ்வளவுதான். ‘யாராவது வந்தால் நல்லா இருக்கும்’ என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால், வேறு யாரோ போவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள்; கும்பிடும் இமோஜிகள் மட்டும் வந்து சேரும். பலித்த கேள்வி இப்படி இருந்தது: “மதினி, செவ்வாயும் வெள்ளியும் மதியம் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் அத்தை பக்கத்துல உட்கார முடியுமா? நாலு வாரத்துக்கு மட்டும். குழாய்ல ஊத்துறது, டயப்பர் எதுவும் நீங்க பார்க்க வேண்டாம். ஒருதடவை புரட்டணும், அதைக் காட்டித் தர்றேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வருத்தமில்ல.” ஆள், வேலை, நாள், மணி, முடியும் தேதி, மறுக்க ஒரு வழி, ஆறும் அதில் இருக்கின்றன. முடியும் தேதி முக்கியம். கடைசி தெரியாத வேலைக்குச் சரி சொல்ல எவருக்கும் தயக்கம் வரும். நாலு வாரம் முடிந்ததும் மறுபடி கேட்கலாம்; பாதிப் பேர் தாமாகவே தொடர்கிறார்கள்.

கேட்பதில் எங்கள் பக்கம் நடக்கும் தவறுகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உடைந்துபோகும் நேரம் வரை பொறுத்திருந்து அப்புறம் கேட்டால், கேள்வி குற்றச்சாட்டாக வெளிவரும். நாத்தனாரிடம் கேட்க வேண்டியதைக் கணவர் வழியாகச் சொல்லி அனுப்பினால், போய்ச் சேரும்போது அதில் வேறு சூடு ஏறியிருக்கும். “உன் கல்யாணத்துக்கு அப்பா எவ்வளவு செஞ்சார்” என்று ஆரம்பித்தால் பேச்சு இருபது வருடம் பின்னால் போய்விடும். செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பி வராது. இன்னொன்றும் உண்டு. வந்து உதவுபவர் போர்வையை மடிப்பது சரியில்லை என்று பின்னாலேயே போய்த் திருத்தக் கூடாது. உயிருக்கும் தோலுக்கும் ஆபத்தானதை மட்டும் திருத்தலாம். போர்வை எப்படி மடிந்தால் என்ன?

அந்த ஆபத்தானவற்றை, வந்த ஒவ்வொருவரும் அரை மணி நேரம் நின்று பொறுமையாகக் கற்றுக்கொண்டீர்கள். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கிவிடும். ஆளை நகர்த்தும்போது இழுக்காமல், இடுப்புக்குக் கீழே விரித்த துணியை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் தோல் உரியும். ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முழுக்கச் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் கருத்த தோலில் சிவப்பு தெரியாமலும் போகலாம். அதனால் சூடாகவோ தடித்தோ இருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது, நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வைக்கக் கூடாது. இரண்டுமே ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். “ஏர் பெட் வாங்கியாச்சே, எதுக்குப் புரட்டணும்” என்று எல்லா வீட்டிலும் யாராவது கேட்பார்கள். ஏர் பெட் இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்டுக்கும் நோய்த்தணிப்புச் செவிலியருக்கும் நன்றி. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வரும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். படுக்கையில் இருப்பவருக்குப் பயிற்சியும் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கும் என்பது தெரியாமல் இருக்கும் வீடுகள் பல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். ஆனால் அவர்கள் தினமும் வர மாட்டார்கள், சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு வீட்டில் இரண்டு பேராவது கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் பழகினால் அவரே ஆயுளுக்கும் மாட்டிக்கொள்வார்.

அடுத்த நன்றி, நாங்கள் போட்ட எல்லையைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு. அது உங்களில் பலருக்குக் கசந்தது, எங்களுக்குத் தெரியும். நோயாளியைப் பார்க்க வருகிறவரைத் தடுப்பது நம் ஊரில் பெரிய குற்றம். இருந்தும் வாசலில் எழுதி ஒட்டினோம்: பார்க்கும் நேரம் மாலை 4 முதல் 6 வரை, ஒரு நேரத்தில் இரண்டு பேர், சளி, காய்ச்சல் உள்ளவர்கள் குணமானபின் வரவும், வாய் வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம், கோயில் தீர்த்தமும் வேண்டாம். கடைசி வரிதான் அதிகம் சண்டை இழுத்தது. விழுங்கும் திறன் போனவருக்குப் பாசத்தில் ஒரு வாய் காபி கொடுத்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். குழாயில் ஊற்றும்போதே தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைத்து, ஊற்றி முடித்தும் ஒரு மணி நேரம் தாழ்த்தாமல் இருப்பது அதே காரணத்துக்காகத்தான். தீர்த்தத்தை வாயில் விடாமல் கண்ணில் ஒற்றிவிட்டுத் திரும்பிய பெரியம்மாக்களே, உங்களுக்கு எங்கள் நமஸ்காரம்.

எல்லையை எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொடுத்த மருத்துவமனை ஆலோசகருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அவர் சொன்னது மூன்று காரியம். ஒன்று, மறுக்கும்போது காரணங்களை அடுக்காதீர்கள். மூன்று காரணம் சொன்னால் மூன்றுக்கும் எதிரே இருப்பவரிடம் பதில் இருக்கும். “இந்தத் தீபாவளிக்கு எங்களால வர முடியாது” என்று ஒரே வாக்கியம், திரும்பக் கேட்டால் திரும்ப அதே வாக்கியம். இரண்டு, அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல், நாம் என்ன செய்வோம் என்று சொல்லுங்கள். “கத்தாதீங்க” என்பது கட்டளை, யாரும் கேட்பதில்லை. “இப்படிக் கத்துனா ஃபோனை வச்சிடுவேன் சித்தப்பா, காலையில நானே கூப்பிடுறேன்” என்பது நம் கையில் இருப்பது. சொன்னபடி வைக்கவும் வேண்டும், காலையில் மறக்காமல் கூப்பிடவும் வேண்டும். மூன்று, முதல் இரண்டு மூன்று வாரம் எதிர்ப்பு கூடத்தான் செய்யும். மூன்றாவது தடவை கெஞ்சும்போது விட்டுக்கொடுத்தால், மூன்று தடவை கெஞ்சினால் நடக்கும் என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

லேகியம், எண்ணெய், அதைச் சாப்பிட்டு யாரோ ஒருவர் எழுந்து நடந்த கதை எல்லாவற்றுக்கும் ஒரே பதில் பழகியிருக்கிறோம்: “டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றோம், அதுவரை கொடுக்க மாட்டோம்.” பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பது சுலபம்தான். கொடுத்தீர்களா என்று அடுத்த வாரம் கேட்பார்கள். அதற்கு ஒரு பொய், அப்புறம் இன்னொன்று.

“என்னால அம்மாவோட டயப்பரை மாத்த முடியாது, மனசு தாங்காது. மருந்து, பில், ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாம் என் பொறுப்பு” என்று முதல் வாரமே சொன்ன அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் நன்றி. அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் நின்றுபோனவர்களை நம்பிப் போட்ட முறைப்பட்டியல்தான் குலைந்தது. முடியாது என்று முன்பே சொன்னவர் இடத்தில் வேறு ஆள் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்தது.

கூலிக்கு வந்து பார்த்துக்கொண்ட அக்காக்களை உதவியவர்கள் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நாங்கள் சேர்க்கிறோம். 12 மணி நேர வேலை என்று பேசிவிட்டு, வீட்டுப் பாத்திரமும் துணியும் அவர்கள் தலையில் கட்டியதற்கு வருந்துகிறோம். வார விடுப்பு, சாப்பாடு, அவர்கள் செய்யும் வேலை, செய்ய வேண்டாத வேலை எல்லாம் முதல் நாளே தாளில் எழுதிய வீடுகளில் ஆள் மாறவில்லை.

பேச்சில் தீராத வீடுகளுக்கு வழி சொன்ன சமூகநலப் பணியாளருக்கும் நன்றி. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன்படி, வருமானம் இருந்தும் கைவிட்ட பிள்ளைகள் மேல் பெற்றோர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். சட்டத்தில் உள்ளபடி மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கிடைக்க வழி உண்டு. வழக்கறிஞர் தேவையில்லை. முதியோர் உதவி எண் 14567. வீட்டைப் பிள்ளை பேருக்கு எழுதிவைக்கும்போதே, ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்கச் சொன்ன பத்திர எழுத்தருக்கும் நன்றி. பின்னாளில் கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த ஒரு வரி நல்ல பிடி. பார்த்துக்கொள்கிறவருக்கே மனம் தளர்ந்தால், அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416. இரவிலும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம்.

இப்படிக்கு,
கட்டிலருகே முறைவைத்து உட்காருகிறவர்கள்

பின்குறிப்பு: கஞ்சியும் ரசமும் கொண்டுவந்த உங்கள் பாத்திரங்கள் எங்கள் அடுக்களைகளில் சேர்ந்து கிடக்கின்றன. பெயர் வெட்டியவற்றைக் கொடுத்தனுப்பிவிட்டோம். பெயர் வெட்டாத எவர்சில்வர் தூக்கு மூன்று, மூடியில்லாத சம்படம் ஒன்று, நீலப் பிடி போட்ட டிபன் கேரியர் ஒன்று மிச்சம் இருக்கின்றன. உங்களுடையது என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாலை நாலு முதல் ஆறுக்குள்.