சத்தமில்லாமல் நின்றுபோகும் ஸ்கிரிப்டுகள்: சார்ஜாவில் இருக்கும் நண்பனுக்கு ஒரு கடிதம்

பாம்பன்,
ஆனி மாதம்.

அன்புள்ள மாப்ள,

உன் நீண்ட மெயில் கிடைத்தது. நீ கேட்டிருப்பது போனில் அள்ளித் தெளித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15-ல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து, 61 நாளுக்குப் பிறகு விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. ஐஸ் கம்பெனிகளில் மறுபடி சத்தம். கச்சான் காற்று பலமாக அடிக்கிறது. தென்கடல் கொந்தளிக்கிறது, வடகடல் அடங்கிக் கிடக்கிறது. நீ போன தடவை வந்தபோது மண்டபத்தோடு நின்றுபோன ரயில், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் வருகிறது. 1914-ல் கட்டிய பழைய பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்ததை நாம் சின்ன வயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறோமே, இப்போது 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மோட்டாரில் மேலே எழும்புகிறது. கப்பல் வரும் நாளில் நீ இங்கே இருந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன்.

கீழக்கரைக்குப் போயிருந்தேன். உன் உம்மா நன்றாக இருக்கிறார்கள், முட்டிவலி மட்டும் குறையவில்லை. வேண்டாம் என்றாலும் கேட்காமல் தொதல் கட்டிக் கொடுத்தார்கள். நீ வெள்ளிக்கிழமை போன் செய்வதைத் தவறவிடாதே, அன்றைக்குக் காலையிலிருந்தே எதிர்பார்க்கிறார்கள்.

இனி உன் விஷயம். எல்லாச் சர்வரிலும் தினமும் அதே கமாண்டுகளை அடித்துச் சலித்துவிட்டது, மேனேஜர் எல்லாவற்றையும் ஸ்கிரிப்டாக, அதாவது கமாண்டுகளை வரிசையாக எழுதிவைத்துத் தானாக ஓடவிடும் ஃபைலாக, மாற்றச் சொல்கிறார், கூட இருக்கிற பையன்கள் ஏஐ-யிடம் கேட்டு மளமளவென்று எழுதித் தள்ளுகிறார்கள், நான் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். எழுதுவதைப் பற்றிக் கவலைப்படாதே. அது உனக்கு வந்துவிடும். எனக்கு வேறொரு கவலை இருக்கிறது.

நீ கையால் கமாண்ட் அடிக்கும்போது வேலையும் காவலும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. திரையில் ஏதாவது தப்பாக வந்தால் உன் கண் பிடித்துவிடும். ஸ்கிரிப்ட் உன் கையிலிருந்து வேலையை வாங்கிக்கொள்கிறது, காவலை வாங்கிக்கொள்வதில்லை. அந்தக் காவலை யாரிடம் ஒப்படைப்பது என்று யோசிக்காமல் எழுதிய ஸ்கிரிப்டைவிடக் கையால் செய்வதே மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கடற்கரையில் கடல் உணவு ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகம். கணக்குச் சர்வரின் டிஸ்க் போய்விட்டது, பேக்கப் இருக்கிறது, வந்து ஏற்றிக் கொடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் யாரோ பொறுப்பாகத்தான் வைத்திருந்தார்கள்: ஒவ்வொரு இரவுக்கும் ஒரு ஃபைல், பெயரில் தேதி, ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அளவைப் பார்த்தேன். அத்தனையும் 20 பைட். ஃபைலைச் சுருக்குகிற ஜிசிப் கருவிக்கு உள்ளே எதுவுமே அனுப்பாமல் சுருக்கச் சொன்னால் அது தலைப்பும் வாலுமாக 20 பைட் ஃபைல் ஒன்றை உண்டாக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை என்றோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து டம்ப் எடுக்கும், அதாவது டேட்டாபேஸை முழுக்க நகல் எடுக்கும் கமாண்ட் தோற்றுக்கொண்டே இருக்கிறது. ஒரு கமாண்ட் தருவதை அடுத்த கமாண்டுக்கு அனுப்புகிற பைப்பின் மறுமுனையில் ஜிசிப் தன் வேலையை ஒழுங்காக முடித்துக்கொண்டே இருக்கிறது. கமாண்டுகளை ஓட்டுகிற பாஷ் ஷெல்லில் இப்படிக் கோத்த ஒரு பைப்லைன் ஜெயித்ததா தோற்றதா என்பதைக் கடைசிக் கமாண்டை வைத்துத்தான் சொல்வார்கள். கடைசி ஆள் ஜெயித்தால் எல்லாரும் ஜெயித்த கணக்கு. அதனால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற கிரானுக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை.

அந்தச் சர்வரில் இருந்தது வெறும் கணக்கு இல்லை மாப்ள. நண்டும் கணவாயும் கொண்டுவந்து போடுகிற சின்ன வள்ளக்காரர்களுக்கு எவ்வளவு பாக்கி, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற பெண்கள் தடைக்காலம் முழுக்கப் பில் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி மறுபடி அடித்தார்கள். பில் தொலைந்துபோனவர்களுக்கு வாய்ப்பேச்சுத்தான் சாட்சி. இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு வேகம் ஏன் என்று கேட்பாய், அதனால்தான்.

ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்’ என்ற ஒரே ஒரு வரி இருந்திருந்தால் பைப்பில் நடுவே யார் தோற்றாலும் முழுவதும் தோற்றதாகக் கணக்காகும். அதோடு ‘செட் மைனஸ் ஈ’-யும் இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். நீ எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் இந்த வரிகளோடுதான் தொடங்க வேண்டும். ஆனால் இது மட்டும் போதாது. ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது, சரி. நின்றது யாருக்குத் தெரியும்?

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்துகிற கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள், தேடிப் படி. இரவு வேலையில் இருந்த ஓர் இன்ஜினியர் இரண்டாவது சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்துவிட்டார். கமாண்டை நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால் அங்கே ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, அதனால் தினமும் பிழை காட்டி நின்றுகொண்டிருந்தது. பிழை வந்தால் மெயில் போகும்படியும் செய்துதான் வைத்திருந்தார்கள். அந்த மெயில்கள் சரியாகக் கையொப்பமிடப்படாததால் வாங்குகிற பக்கத்தில் தள்ளுபடியாகிவிட்டன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அத்தனை பேர் வேலை செய்கிற இடத்திலேயே இப்படி என்றால் ஒற்றை ஆளாக நிற்கிற உன்னைப் போல, என்னைப் போல ஆட்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இதில் நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான். தோற்றால் சொல்லு என்று ஸ்கிரிப்டிடம் சொல்லக் கூடாது. ஜெயித்தால் சொல்லு என்று சொல்ல வேண்டும். கடலில் மூழ்குகிற படகு கரைக்குத் தகவல் சொல்லிவிட்டு மூழ்குவதில்லை. போன படகு எத்தனை, திரும்பிய படகு எத்தனை என்று கரையில் இருப்பவர்கள் எண்ணுவதால்தான் வராத படகு தெரியவருகிறது. என் பேக்கப் ஸ்கிரிப்டும் எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வரியில் மட்டும், இன்னொரு சர்வருக்கு ‘முடிந்தது’ என்று ஒரு தட்டு தட்டும். காலை ஏழு மணிக்குள் அந்தத் தட்டு வரவில்லை என்றால் அந்த இரண்டாவது சர்வர் என் போனை அலற வைக்கும். பாஸ்வேர்ட் மாறினாலும், கரண்ட் போனாலும், கிரானே ஓடாவிட்டாலும், சர்வரே செத்துக் கிடந்தாலும் விடிந்ததும் தெரிந்துவிடும். எத்தனை விதமாகத் தோற்கலாம் என்று நான் பட்டியல் போட வேண்டியதில்லை.

அந்தத் தட்டு தட்டுவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் இன்னொன்றையும் பார்க்கிறது. இன்றைய ஃபைல் நேற்றையதைவிட ரொம்பச் சிறுத்திருந்தால் அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை, தனியாக வைத்திருக்கிற பழைய கம்ப்யூட்டரில் பேக்கப்பை ஏற்றி, முக்கியமான டேபிள்களில் எத்தனை வரிசை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் எடுப்பதில்லை. உன் மேனேஜர் இதற்கு நேரம் இல்லை என்பார். எழுத்தில் கேட்டு வாங்கு.

இங்கே காற்று பலத்தால் கரண்ட் போவது சகஜம். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஓட வேண்டிய வேலை, அந்த நேரத்தில் சர்வர் அணைந்திருந்தால் அவ்வளவுதான். கிரான் அதைத் திரும்பப் பார்க்காது, அடுத்த நாள்தான். அதனால் இங்கே, கிரானைப் போலவே வேலையை நேரத்துக்கு ஓட்டுகிற லினக்ஸின் சிஸ்டம்டி டைமருக்கு மாறி அதில் ‘பெர்சிஸ்டென்ட்’ என்பதைப் போட்டுவைத்திருக்கிறேன். சர்வர் எழுந்ததும் விட்டுப்போன வேலையை அது ஓட்டிவிடும். உனக்கு அங்கே இந்தத் தொல்லை இருக்காது. ஆனால் நெட் மெதுவாக இருக்கிற நாளில் நேற்றைய நகல் முடியும் முன்னே இன்றையது தொடங்கி இரண்டும் மோதிக்கொள்ளும். அதற்கு, ஒன்று ஓடும்போது இன்னொன்றைத் தடுக்கிற எஃப்லாக் போதும்.

ஃபைல் பெயர்கள்தான் உன்னை உண்மையில் படுத்தப்போகின்றன. இங்கே அலுவலகத்தில் ‘ஜூன் மாத ஐஸ் பில் திருத்தியது’ என்று நடுவே இடம் விட்டுத் தமிழிலேயே பெயர் வைக்கிறார்கள். வைக்கட்டும், அவர்கள் மொழி அது. ஸ்கிரிப்ட்தான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். மாறிகளை, அதாவது ஃபைல் பெயர் போன்ற மதிப்பைத் தாங்குகிற பெயர்களை, இரட்டை மேற்கோளுக்குள் போடாவிட்டால் ஷெல் அந்த ஒரு பெயரை ஐந்து ஃபைலாகப் பிரித்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டங்களில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டாக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ‘கு’ என்றால் மெய்க்கும் உகரத்துக்குமாக 6 பைட். ஆக 85 குறியீடு தாண்டினால் இடம் இல்லை. விண்டோஸில் அதே பெயர் தாராளமாக உட்கார்ந்திருக்கும். லினக்ஸுக்கு நகல் எடுக்கும்போது அந்த ஃபைல் மட்டும் விழுந்துவிடும். நகல் எடுக்கும் கருவியான ஆர்சிங்க் அப்போது 23 என்ற எண்ணோடு முடியும், அதாவது கொஞ்சம் வரவில்லை என்று பொருள். அந்த எண்ணைப் பார்க்காமல் விட்டுவிடாதே. உங்கள் அலுவலகத்தில் அரபிப் பெயர்கள் இருக்கும் அல்லவா, அரபிக்கு எழுத்துக்கு 2 பைட், கொஞ்சம் தாராளம். ஆனாலும் முன்கூட்டியே எல்லாப் பெயர்களின் நீளத்தையும் அளந்து பார்த்துவிடு.

அழிக்கிற கமாண்ட் வரும் இடத்தில் மட்டும் என் பேச்சை அப்படியே கேள். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்டில் ‘ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்’, அடுத்து ஒரு மாறி, அடுத்து சாய்கோடும் நட்சத்திரமும் என்று ஒரு வரி இருந்தது. ஃபோல்டரை நகர்த்திய ஒருவருக்கு அந்த மாறி வெறுமையாகிவிட, சாய்கோடும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்சி, அவருடைய ஃபைல்கள் எல்லாம் போயின. பேக்கப் வைத்திருந்த வெளி டிஸ்க்கும் மாட்டியிருந்ததால் அதுவும் சேர்ந்து போனது. வரையறுக்காத மாறியைப் பிடிக்கிற ‘செட் மைனஸ் யூ’ இதைத் தடுக்காது, ஏனென்றால் மாறி இருக்கிறது, உள்ளேதான் ஒன்றுமில்லை. மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் போட்டு, கடைசியில் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுது. வெறுமையாக இருந்தால் ஷெல் அங்கேயே நின்றுவிடும்.

ஏஐ எழுதித் தருவதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் கேட்கிறேன். ஆனால் ஒரு வரி எதற்கு என்று உன்னால் சொல்ல முடியாவிட்டால் அந்த வரி உன் சர்வரில் ஓடக் கூடாது. யார் எழுதியதானாலும், ஸ்கிரிப்டில் தப்புத் தேடுகிற ஷெல்செக்கில் ஒருமுறை போட்டுப் பார். மேற்கோள் விட்டுப்போன இடமெல்லாம் அது காட்டிக்கொடுக்கும். அந்தப் பையன்களுக்கும் சொல்லு, கேட்டுக்கொள்வார்கள்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ‘ஹிஸ்டரி’ என்று அடித்துப் பார். நீ எதை அதிகமாகத் திரும்பத் திரும்ப அடிக்கிறாய் என்று அதுவே காட்டும். அதில் அழிக்கிற வேலை எதுவும் இல்லாத ஒன்றை, டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்ப்பது போல ஒன்றை, முதலில் எடு. கமாண்ட் எழுதும் முன் ஒவ்வொரு படியையும் தமிழில் குறிப்பாக எழுது. உனக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருகிறவர் நம் ஊர்க்காரராக இருக்கமாட்டார் என்றால் ஆங்கிலத்தில் எழுது. உன் தலைக்குள் மட்டும் இருக்கிற வேலை வெளியே வந்தால்தான் உனக்கு லீவு கிடைக்கும். பேக்கப்பை இரண்டாவதாக எடு. அந்தக் காலைத் தட்டு தயாராகாமல் அதை ஓட்டாதே.

எழுதியதும் முதல் ஸ்கிரிப்டை எனக்கு அனுப்பு, வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். பாஸ்வேர்ட் அதற்குள் எழுதியிருந்தால் அதை எடுத்து, உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற 600 அனுமதியுள்ள தனி ஃபைலில் வைத்துவிட்டு அனுப்பு. டிசம்பரில் வருவதாக இருந்தால் டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்லு, உம்மாவை மதுரையில் முட்டி டாக்டரிடம் காட்ட அந்த நாட்களிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள