பழுதென்று ஒதுக்கப்படும் புரொஜெக்டர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமச் சமுதாயக் கூடத்தில் அண்மையில் குறுவை விதைநேர்த்தி பற்றிய பயிற்சி ஒன்று ஏற்பாடாகியிருந்தது. திரையில் படம் வரவில்லை. சிக்னல் வரம்பைக் கடந்துவிட்டது என்னும் அறிவிப்பு மட்டும் நீல நிறத்தில் நின்றது. முக்கால் மணி நேரம் கேபிளைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தவர்கள், 'மிஷின் போய்விட்டது' என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள். மறுநாள் நான் சென்று, அந்தப் பழைய மேசைக்கணினியின் திரை அமைப்பில் 85 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 85 படங்கள், என்றிருந்ததை 60 ஆக்கியதுமே, சுவரில் படம் பளிச்சென்று விழுந்தது.

நடவு வயலில் வரிசை பிடித்து நாற்று ஊன்றுவதுபோல, கணினி ஒவ்வொரு படத்தையும் மேலிருந்து கீழாக வரிவரியாக அனுப்புகிறது. 1024-க்கு 768 புள்ளிகள் என்ற பட அளவில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 768தான் என்றாலும், ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கான இடைவெளியும் வரிக்கணக்கிலேயே சேர்வதால், 60 ஹெர்ட்ஸில் மொத்தம் 806 வரிகள் ஆகின்றன. நொடிக்கு 60 படங்கள் என்றால் 48,360 வரிகள், அதாவது ஏறத்தாழ 48.4 கிலோஹெர்ட்ஸ், இதுவே கிடைமட்ட ஸ்கேனிங் அதிர்வெண். அதே படம் 85 ஹெர்ட்ஸில் 68.7 கிலோஹெர்ட்ஸைத் தொடுகிறது. எங்கள் கருவியின் கையேட்டில் அச்சிட்டிருந்த மேல் வரம்போ 60 கிலோஹெர்ட்ஸ்.

85 என்று வைத்தவரையும் குறை சொல்வதற்கில்லை. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் 60 ஹெர்ட்ஸில் படம் சிமிட்டிக் கண்ணை உறுத்தும். எனவே கூட்டி வைப்பதே அன்று சரியான வழக்கம். எல்சிடி புரொஜெக்டரில் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த படம் வரும்வரை தன் ஒளியை விடாமல் தாங்கி நிற்பதால், அங்கே 60 தாராளமாகப் போதும். சிறுவயதில் டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் அண்ணன், லென்ஸ் அருகே சுழலும் தகட்டை எனக்குக் காட்டியிருக்கிறார். நொடிக்கு 24 படங்களே ஓடினாலும், அந்தத் தகடு ஒவ்வொரு படத்தின் ஒளியையும் இருமுறை வெட்டி 48 மின்னல்களாக்குவதால்தான் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. படத்தின் எண்ணிக்கை வேறு, சிமிட்டலின் எண்ணிக்கை வேறு என்பது எனக்கு அன்றே விளங்கிவிட்டது.

ஊராட்சிகளும் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் புரொஜெக்டர் வாங்கும்போது ஒளியளவு எத்தனை லூமென்ஸ் என்பதோடு நின்றுவிடாமல், கிடைமட்ட (நொடிக்கு எத்தனை வரிகள்), செங்குத்து (நொடிக்கு எத்தனை படங்கள்) அதிர்வெண் வரம்புகளையும் கேட்டுப் பெற வேண்டும். அந்த எண்களைத் தமிழில் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டி வைக்க வேண்டும். கலைந்துபோன எங்கள் பயிற்சியை, குறுவைக்கு நாற்று விடுவதற்குள் மீண்டும் நடத்தித் தருமாறு உரியவர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.